அணியின் பெயர் கடைசியில் வரட்டும்

“என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள் டீச்சர். அணி இலக்கணம் கேட்டால் மூச்சு விடாமல் ஒப்பிக்கிறாள். எடுத்துக்காட்டும் எழுதிவிடுகிறாள். பாடத்தில் இல்லாத ஒரு பாட்டைக் கொடுத்து, இதில் கவிஞர் என்ன செய்திருக்கிறார் என்று கேட்டால் மட்டும் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். வீட்டில் நான் என்ன செய்யலாம்?”

காரைக்கால் அம்மையார் கோயில் வாசலில் என்னை நிறுத்தி ஒரு தாய் கேட்ட கேள்வி இது. மகளின் விடைத்தாளையும் கையோடு கொண்டுவந்திருந்தார். குறுந்தொகைப் பாட்டு ஒன்றுக்கு நயம் எழுதச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பெண் எழுதியிருந்தது இவ்வளவுதான்: ‘இப்பாடலில் உவமை அணி பயின்று வந்துள்ளது. ஆகவே பாடல் மிகவும் சிறப்பாக அமைந்துள்ளது.’

இதில் பிழை என்று அடிக்க எதுவும் இல்லை. புது வீடு பார்த்துவிட்டு வந்தவரிடம் வீடு எப்படி என்று கேட்கிறோம். ‘ஜன்னல் இருக்கிறது, ஆகவே நன்றாக இருக்கிறது’ என்று அவர் சொன்னால் நமக்கு என்ன தெரியும்? ஜன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது, அதில் கடற்காற்று வருகிறதா, அடுத்த வீட்டுச் சுவர்தான் தெரிகிறதா என்பதைத்தானே கேட்டோம்.

அவளை அப்படி எழுதப் பழக்கியவர்கள் ஆசிரியர்களாகிய நாங்கள்தான். இலக்கணம், சான்று, அணிப்பொருத்தம் என்று மூன்று படியாக எழுதச் சொல்லிக்கொடுத்தோம். நயம் பாராட்டச் சொன்னால் மோனை நயம், எதுகை நயம், அணி நயம், சந்த நயம் என்று உள்தலைப்புகள் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் எந்தப் பாட்டுக்கும் பொருந்துகிற ஒரு வாக்கியத்தை வைக்கச் சொன்னோம். நானும் அதைச் செய்தவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கரும்பலகையில் முதலில் அணியின் பெயரை எழுதுவேன், அதன் கீழே பாட்டை எழுதுவேன். பெயரைப் பார்த்த பிள்ளைகள் பாட்டில் ‘போல’வைத் தேடுவார்கள். அது கிடைத்ததும் படிப்பதை நிறுத்திவிடுவார்கள். இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. பெயரை முதலில் சொல்வது கண்ணை மூடிவிடுகிறது. பிள்ளை தானாகப் பார்த்து, தன் வார்த்தையில் சொல்லி முடித்த பிறகு, ‘இதற்குப் பெரியவர்கள் இப்படிப் பெயர் வைத்திருக்கிறார்கள்’ என்று சொல்லுங்கள். அந்தப் பெயர் மறக்காது.

எங்கிருந்து தொடங்குவது என்று அந்தத் தாய் கேட்டார். மாங்கனியிலிருந்து தொடங்குங்கள் என்றேன்.

காரைக்கால் பிள்ளைகளுக்கு இது பெரிய வசதி. ஆனிப் பௌர்ணமியை ஒட்டி மாங்கனித் திருவிழா நடக்கிறது. பிச்சாடனர் வீதியுலா வரும்போது மாடியிலிருந்து மாம்பழம் வீசுகிறார்கள், கீழே கூட்டம் கையேந்திப் பிடிக்கிறது. கதை எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். எந்த மதத்துப் பிள்ளையானாலும் இந்த ஊரில் தெரியும். அதனால் கதையைப் புரியவைக்கிற வேலை நமக்கு மிச்சம். கதை எப்படிச் சொல்லப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் பார்க்கலாம்.

சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெரியபுராணத்தில் சொன்ன கதையை எடுத்துக்கொள்ளுங்கள். நாகப்பட்டினத்து மாப்பிள்ளை பரமதத்தன், காரைக்காலில் கடை வைத்திருக்கிறான். அங்கே வந்தவர்கள் கொடுத்த இரண்டு மாங்கனிகளை வீட்டுக்கு அனுப்புகிறான். பசியோடு ஓர் அடியார் வாசலுக்கு வருகிறார். பரமதத்தனின் மனைவி புனிதவதியார், பின்னாளில் காரைக்கால் அம்மையார் ஆனவர், அவருக்குச் சோறு படைக்கிறார். ஒரு மாங்கனியையும் வைக்கிறார். ஏன் மாங்கனி? சோறு ஆகிவிட்டது, கறி இன்னும் ஆகவில்லை. சேக்கிழார் இதைக் குறிப்பிட்டே சொல்கிறார்.

இங்கே கதையை நிறுத்தி உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள்: “கறி ஆகியிருந்தால்?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள். அந்த நேரத்தை நீங்கள் நிரப்பிவிடாதீர்கள். பிறகு வரும் பதில்களைக் கேட்டுப் பாருங்கள். கறி ஆகியிருந்தால் மாம்பழத்தை எடுத்திருக்கவே மாட்டார். கணவன் இரண்டையும் சாப்பிட்டிருப்பான், இரண்டாவது பழம் கேட்டு அவர் இறைவனிடம் கையேந்த வேண்டியிருக்காது. இறைவன் தந்த பழத்தைக் கண்டு அவன் பயந்து ஓடியிருக்க மாட்டான். ஓர் அடுப்பில் குழம்பு கொதிக்கத் தாமதமானதில் ஒரு வாழ்க்கை திரும்புகிறது. என் வகுப்பில் ஒரு பெண் இன்னொன்று சொன்னாள்: “கறி இல்லாததால்தான் கொடுத்தார் என்று சொன்னால், கணவன் பொருளை யோசிக்காமல் தானம் செய்துவிட்டார் என்று யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது டீச்சர்.” சேக்கிழார் தன் கதைத்தலைவிக்கு எப்படிப் பாதுகாப்புக் கொடுக்கிறார் என்பதை அந்தப் பெண் பார்த்துவிட்டாள். கதை உத்தி என்று நாங்கள் ஒரு பருவம் முழுக்க நடத்துவது அதைத்தான்.

அதே கதையில் இன்னொரு இடம். பரமதத்தன் கடல் வணிகத்துக்குப் போகிறேன் என்று கிளம்பி, பாண்டிநாட்டில் ஒரு பட்டினத்தில் தங்கி, வேறொரு பெண்ணை மணந்து, பிறந்த பெண்குழந்தைக்குப் புனிதவதி என்றே பெயர் வைக்கிறான். அந்தப் பெயரை மாற்றிப் பாருங்கள். மகளுக்கு ஏதோ ஒரு பெயர் என்று வைத்துக்கொண்டால், மனைவியைக் கைவிட்டு ஓடியவன் என்ற எண்ணம்தான் அவனைப் பற்றி மிஞ்சும். பெயர் ஒன்றுதான் என்றதும் அவனுடைய அச்சம், மரியாதை, குற்ற உணர்வு எல்லாம் உள்ளே வந்துவிடுகின்றன. எது அதிகம் என்று பிள்ளைகள் சண்டை போடட்டும். சண்டை போடும்போது ஆதாரம் தேடிப் பாட்டுக்குத் திரும்பிப் போவார்கள். நமக்கு வேண்டியது அதுதான்.

இப்போது அம்மையாரே எழுதியவற்றுக்கு வாருங்கள். அற்புதத் திருவந்தாதி நூற்றொரு வெண்பா, திருவிரட்டை மணிமாலை இருபது பாட்டு, திருவாலங்காட்டைப் பற்றிய மூத்த திருப்பதிகங்கள் இரண்டு. பதினோராம் திருமுறையில் இருக்கின்றன. இவற்றில் மாங்கனி வருகிறதா? இல்லை. கணவன்? இல்லை. ஊரே கொண்டாடும் கதையை அந்த அம்மையார் தன் பாட்டில் தொடவே இல்லை. தன்னைக் காரைக்கால் பேய் என்று சொல்லிக்கொள்கிறார். மூத்த பதிகத்தைத் தொடங்குவதே சுடுகாட்டில் ஒரு பெண்பேய் எப்படி இருக்கிறது என்று வற்றிய உடம்பை உறுப்பு உறுப்பாகச் சொல்லித்தான். ஒருவர் எதைச் சொல்கிறார் என்பதோடு, எதைச் சொல்லாமல் விடுகிறார் என்பதையும் பார்க்கப் பதின்வயதுப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. ‘ஏன் விட்டார்?’ என்ற கேள்விக்கு நீங்கள் விடை வைத்துக்கொண்டு கேட்காதீர்கள். எனக்கும் ஒரே விடை கிடையாது.

அந்தாதி என்ற சொல்லை இலக்கணமாகச் சொன்னால் பிள்ளைகளுக்குக் கொட்டாவி வருகிறது. ஒரு பாட்டு முடிகிற சொல்லில் அடுத்த பாட்டைப் பிடிப்பது என்று சொல்லிவிட்டு, அற்புதத் திருவந்தாதியின் முதல் வெண்பாவையும் கடைசி வெண்பாவையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதல் பாட்டு ‘பிறந்து’ என்ற சொல்லில் தொடங்குகிறது. நூற்றொன்றாம் பாட்டு அதே ‘பிறந்து’வில் முடிகிறது. முதலில் பிறப்பது ஒரு குழந்தை. பிறந்து, பேசக் கற்றுக்கொள்கிறது. கடைசியில் பிறப்பது காதல்; இந்த மாலையைச் சொல்பவர்களிடம் பிறக்கும், விலகாத காதல். சொல் மாறவில்லை, பிறக்கிற பொருள் மாறிவிட்டது. இதை நான் சொல்லாமல், இரண்டு பாட்டையும் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன் கையைத் தூக்கி, “சுத்தி வந்து அதே எடத்துல நிக்குது டீச்சர், ஆனா ஆள் மாறிடுச்சு” என்றான். அன்றைக்குத்தான் அந்தாதி என்ற பெயரைக் கரும்பலகையில் எழுதினேன்.

இனி உவமைக்கு வருகிறேன். விடைத்தாளில் அந்தப் பெண் நயம் எழுதியிருந்த பாட்டு குறுந்தொகையில் 54ஆவது. எழுதியவரின் இயற்பெயர் நமக்குத் தெரியாது. அந்தப் பாட்டில் வரும் உவமையாலேயே மீனெறி தூண்டிலார் என்று பெயர் நின்றுவிட்டது. செம்புலப் பெயனீரார், அணிலாடு முன்றிலார் என்று இப்படி உவமையாலும் சொற்றொடராலும் பெயர்பெற்றவர்கள் சங்க இலக்கியத்தில் பலர். ஒரு நல்ல உவமை எழுதியவருக்கு அதையே பெயராக வைக்கிற வழக்கம் நம்மிடம் இருந்தது என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அவர்கள் முகம் மாறும்.

பாட்டின் செய்தி இது. காதலன் வரவில்லை. தலைவி தோழியிடம் சொல்கிறாள்: நான் இங்கே இருக்கிறேன், என் நலம் அவனோடு அங்கேயே போய்விட்டது. அவன் நாடு எப்படிப்பட்டது என்று நடுவில் சொல்கிறாள். அங்கே ஒரு காட்டு யானை மூங்கிலை வளைத்துப் பிடித்திருக்கிறது. தினைப்புனம் காப்பவர்கள் வீசும் கவண்கல்லின் ஓசை கேட்டு வெருண்டு அதை விட்டுவிடுகிறது. விட்ட மூங்கில், மீனைக் கவ்விய தூண்டில்போல மேலே எழுகிறது.

மலைக்காட்டுப் பாட்டுக்குள் ஏன் ஒரு தூண்டில் வந்தது? இதைக் கேளுங்கள். பிறகு மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். தூண்டிலுக்குப் பதில் வில் என்று வைத்தால்? வாழைமட்டை என்று வைத்தால்? பெஞ்சில் ஒரு ஸ்கேலை அழுத்திவிட்டால் எழும்புவதைப்போல என்று வைத்தால்? வேகம் எல்லாவற்றிலும் இருக்கிறது. தூண்டிலில் மட்டும் ஓர் உயிர் மாட்டிக்கொண்டிருக்கிறது. தூண்டில் கழியே மூங்கில்தான் என்பதும் சேர்ந்துகொள்கிறது.

தொல்காப்பியர் உவமையை வினை, பயன், மெய், உரு என்று நான்காகப் பிரித்தார். இதை மனப்பாடமாகக் கொடுக்காமல் நான்கு கேள்வியாகக் கொடுத்தால் இன்றைக்கும் கூர்மையான கருவி. இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்கின்றனவா? ஒரே மாதிரி பயன்படுகின்றனவா? ஒரே வடிவமா? ஒரே நிறமா? இந்தப் பாட்டில் முதல் கேள்விக்குத்தான் பலமான ஆமாம் வருகிறது. இந்த நான்கோடு நான் ஐந்தாவதாக ஒன்று சேர்த்துக் கேட்பேன்: எங்கே பொருந்தவில்லை? உவமை பொருந்தாமல் போகிற ஓரத்தில்தான் பெரும்பாலும் கவிஞரின் மனசு இருக்கும்.

இந்தப் பாட்டை நடத்தும்போது எனக்கே ஒரு பாடம் கிடைத்தது. மீன் மாட்டியதும் தூண்டில் சட்டென்று மேலே எழும் என்று உரைகளில் உள்ளபடி சொன்னேன். காரைக்கால்மேட்டிலிருந்து வரும் ஒரு மாணவன் தலையை ஆட்டினான். “கனமான மீனா இருந்தா கழி வளையும் டீச்சர், எழும்பாது. மீன் தப்பிச்சாத்தான் வெடுக்குன்னு மேல போவும்.” வகுப்பே அமைதியாகிவிட்டது. மீன் மாட்டியதா, தப்பியதா? மாட்டியது என்றால் தலைவி பிடிபட்டவள், அவளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். தப்பியது என்றால் கையில் ஒன்றும் இல்லை, கழி மட்டும் ஆடிக்கொண்டிருக்கிறது. இரண்டையும் வைத்துப் பாட்டைத் திரும்பப் படித்தோம். பாட்டின் சொற்கள் உரைகாரர்கள் பக்கம்தான் அதிகம் சாய்கின்றன என்று நான் நினைக்கிறேன். அவனிடமும் அதைக் காரணத்தோடு சொன்னேன். சின்ன மீனாக இருந்தால் சரிதான் என்று ஒத்துக்கொண்டான். ஆனால் ஏறத்தாழ ஆயிரத்தெண்ணூறு ஆண்டுப் பழைய பாட்டோடு கடற்கரைப் பையன் ஒருவன் சரிக்குச் சரி நின்று பேசினான். உங்கள் பிள்ளைக்கு உங்கள் வீட்டுத் தொழிலிலிருந்து தெரிந்தது எதுவோ, வலையோ, வயலோ, தையலோ, பட்டறையோ, அதைப் பாட்டுக்குள் கொண்டுவர விடுங்கள்.

யானை எதற்காக மூங்கிலை விட்டது என்பதை அடுத்துக் கேட்க வேண்டும். காவல்காரர்களின் ஓசைக்கு அஞ்சி. அப்படியானால் அவன் அவளை விட்டது? யாருடைய ஓசைக்கு அஞ்சி? பாட்டு இதைச் சொல்லவில்லை, யானையைக் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறது. பிள்ளைகள் இந்த இடத்தைத் தாங்களே எட்டியதும், உள்ளுறை என்ற பெயரைச் சொல்லலாம். கடைசியாகப் பாட்டு எந்தச் சொல்லில் தொடங்கி எந்தச் சொல்லில் முடிகிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். தொடக்கத்தில் நான் ‘இங்கே’ என்கிறாள், முடிவில் என் நலம் ‘அங்கே’ என்கிறாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு காடும் யானையும் கிடக்கின்றன. ஐந்தே அடியில் அந்தத் தூரத்தைப் பாட்டின் வடிவமே காட்டிவிடுகிறது.

தேர்வில் இதை எப்படி எழுதுவது என்று எல்லாப் பெற்றோரும் கேட்பீர்கள், கேட்க வேண்டியதுதான். புதுவை அரசுப் பள்ளிகளும் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறிவிட்ட பிறகு, படிக்காத பகுதியைக் கொடுத்துக் கேட்கும் கேள்விகளைப் பற்றிய பயம் கூடியிருக்கிறது. நான் சொல்லித்தருவது இது. முதலில் பாட்டில் உள்ள சொல்லை அப்படியே எடுத்துக் காட்டு. அந்தச் சொல் நமக்கு எதைக் காட்டுகிறது, என்ன உணர்வைத் தருகிறது என்று சொல். அது பாட்டு முழுவதற்கும் என்ன செய்கிறது என்று சொல். அதற்குப் பிறகு பெயரை எழுது. அந்தப் பெண்ணின் விடை இப்படி மாறலாம்: ‘யானை விட்ட மூங்கில் தூண்டில்போல எழுகிறது என்கிறார் கவிஞர். தூண்டில் எழும்போது மீனின் உயிர் அதில் மாட்டியிருப்பதால், விட்ட கணத்தின் வேகத்தோடு வலியும் நமக்குத் தெரிகிறது. தலைவன் தன்னை விட்டுப் போன கணத்தைத் தலைவி நேராகச் சொல்லாமல் இந்தக் காட்சியில் சொல்கிறாள். இது வினை உவமை. இதற்குள் உள்ளுறையும் இருக்கிறது.’ ஐந்து வாக்கியம். இதற்கு மதிப்பெண் குறைக்கிற ஆசிரியரை நான் பார்த்ததில்லை.

ஒரு பாட்டில் ஏழு நயம் தேட வேண்டாம். இரண்டு போதும், இரண்டையும் ஆழமாக. மோனை எதுகையை மட்டும் தனியாக எழுதச் சொன்னால், ஓசை எங்கே மாறுகிறது என்று கேளுங்கள். எல்லா அடியிலும் எதுகை வந்து ஓர் அடியில் மட்டும் வராமல் போனால், அந்த அடியில் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். சத்தமாக இரண்டு முறை படித்தால் காதே கண்டுபிடித்துவிடும்.

சிலேடை பதின்வயதுக்கென்றே செய்தது. பிள்ளைகள் நாள் முழுக்க அதைத்தான் பேசுகிறார்கள். நம் திருமலைராயன்பட்டினம் அதற்குப் புகழ்பெற்ற இடம். காளமேகப் புலவர் திருமலைராயன் அவைக்கு வந்ததும், அதிமதுரகவியோடு போட்டியிட்டதும், எமகண்டம் பாடியதும், கோபத்தில் ஊரில் மண்மாரி பொழியச் சபித்ததும் வழிவழியாகச் சொல்லிவரும் கதைகள். வைக்கோலையும் யானையையும் ஒரே பாட்டில் பாடியவர் அவர். களம் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள்: நெல் அடிக்கும் களம், யானை புகுந்தடிக்கும் போர்க்களம். போர் என்றால் வைக்கோல்போர், யானையின் போர். கோட்டை என்றால் விதைநெல் பொதிந்து வைக்கோலால் கட்டும் கோட்டை, யானை நுழையும் கோட்டை. டெல்டாப் பிள்ளைகளிலும் இன்று பாதிப் பேர் விதைக்கோட்டையைப் பார்த்திருக்க மாட்டார்கள். தாத்தாவிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். பிறகு அவர்களையே செய்யச் சொல்லுங்கள். படி, மாலை, ஆறு, அலை, திங்கள், கால். கால் என்ற சொல்லை ஒரு வகுப்பில் கொடுத்தபோது உடம்பின் கால், வாய்க்கால், காற்று, நாலில் ஒரு பங்கு என்று அடுக்கிக்கொண்டே போனார்கள். ஒரு சிறுமி எழுந்து, ‘காரைக்கால் அம்மையார் கயிலைக்குக் காலால் போகாமல் தலையால் போனார்’ என்றாள். நான் அதை அதுவரை யோசித்ததில்லை.

ஓர் உத்தியைச் செய்துபார்த்த பிள்ளைக்கு அதை மற்றவர் எழுத்தில் அடையாளம் காண்பது கடினமாக இருப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு முறையும் படித்தவுடன் இரண்டு வரியாவது எழுத வையுங்கள்.

உரைநடைக்கு வந்தால், சின்ன எழுத்துகளிலிருந்து தொடங்குவது என் வழக்கம். ‘அவன் வந்தான்’, ‘அவனும் வந்தான்’, ‘அவன்தான் வந்தான்’, ‘அவனாவது வந்தானே’. நான்கையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் முன்னால் என்ன நடந்திருக்கும் என்று கேளுங்கள். நான்கு கதை வரும். பரிமேலழகர் போன்ற உரையாசிரியர்கள் ஓர் ஏகாரத்துக்கும் ஓர் உம்மைக்கும் நின்று விளக்கம் சொன்னது இதனால்தான். அவர்கள் உரையை நாம் கடினம் என்று ஒதுக்கிவைத்துவிட்டோம். தமிழில் நுணுகிப் படிக்கிற பயிற்சி அங்கேதான் இருக்கிறது. 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் இது. பிரெஞ்சு வகுப்பறைகளிலும் ஒரு சிறு பகுதியை எடுத்து வரிவரியாகப் பிரித்துப் பேசுகிற முறை உண்டு. பிரெஞ்சு படித்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களையும் பிள்ளையோடு உட்கார வையுங்கள். மொழி வேறு, கவனம் ஒன்றுதான்.

கதைக்கு நான் முதலில் எடுப்பது தி. ஜானகிராமனின் ‘சிலிர்ப்பு’. ரயிலில் ஒரு தகப்பன், அவருடைய சின்னப் பையன், வீட்டு வேலைக்காகக் கல்கத்தாவுக்கு அனுப்பப்படுகிற ஒரு சிறுமி. பையன் கையில் ஓர் ஆரஞ்சுப் பழம். கடைசியில் அந்தப் பழம் அவளிடம் போகிறது. படிப்பவர்கள் அந்த இடத்தில் கலங்குகிறார்கள். ஏன் கலங்குகிறோம் என்று பிள்ளைகளைக் கேட்டால், முதலில் ‘பாவம், அந்தப் பெண்’ என்பார்கள். பழத்தை மட்டும் பின்தொடரச் சொல்லுங்கள். பழம் எப்போது கைக்கு வருகிறது? எவ்வளவு நேரம் உரிக்கப்படாமல் கையிலேயே இருக்கிறது? இடையில் யார் அதைப் பற்றிப் பேசுகிறார்கள்? பழத்தை அவன் பாதி வழியிலேயே தின்றிருந்தால் முடிவில் எதைக் கொடுத்திருப்பான்? ஆசிரியர் எத்தனை பக்கங்களுக்கு முன்பே நம் கண்ணில் அந்தப் பழத்தை வைத்துவிட்டார் என்று தெரியும்போது பிள்ளைகளுக்கு ஒரு வியப்பு வரும். கறி ஆகாத அடுப்பு அப்போது அவர்களுக்கே நினைவுக்கு வரும். வராவிட்டால் நீங்கள் நினைவூட்டலாம்.

அதே கதையைச் சிறுமியின் வாயால் ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள். தகப்பன் சொல்வதால் நமக்குக் கிடைத்தது என்ன, கிடைக்காமல் போனது என்ன என்று அப்போதுதான் உறைக்கும். நோக்குநிலை என்ற பெயர் அதற்குப் பிறகு வரட்டும்.

சினிமாவையும் விட்டுவிடாதீர்கள். ஏ.பி. நாகராஜன் 1973இல் எடுத்த ‘காரைக்கால் அம்மையார்’ படத்தில் இளம் புனிதவதியாக லட்சுமியும் அம்மையாராக கே.பி. சுந்தராம்பாளும் நடித்தார்கள். ஒரே பெண்ணுக்கு ஏன் இரண்டு உடம்பு, இரண்டு குரல்? சேக்கிழார் சொல்லால் செய்த உருமாற்றத்தைத் திரையில் எப்படிச் செய்கிறார்கள்? ஒரே பெண், நான்கு வடிவம் உங்கள் கையில் இருக்கிறது: அம்மையாரின் பாட்டு, சேக்கிழார், சினிமா, தெருவில் நடக்கும் திருவிழா. திருவிழாவில் மாம்பழத்தை வீசுகிறார்கள், கதையில் யாரும் வீசவில்லை. அந்த மாற்றத்தையும் பிள்ளைகள் பேசலாம்.

வீட்டில் செய்வதற்கு வாரத்துக்கு இரண்டு நாள், இருபது நிமிடம் போதும். பத்து வரிக்கு மேல் எடுக்காதீர்கள். கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, ஒருவர் மாற்றி ஒருவர் சத்தமாகப் படியுங்கள். பிள்ளை பென்சிலால் தனக்கு உறுத்துகிற ஒரு சொல்லின் கீழ்க் கோடு போடட்டும், நீங்களும் உங்கள் சொல்லுக்குக் கோடு போடுங்கள். இரண்டும் வேறாக இருந்தால் பேச விஷயம் கிடைத்துவிட்டது. ‘கவிஞர் என்ன சொல்லவருகிறார்?’ என்று தொடங்காதீர்கள், அந்தக் கேள்விக்குப் பிள்ளைகள் அறிவுரையைத்தான் பதிலாகத் தருகிறார்கள். ‘எந்தச் சொல்லில் நின்றாய்?’ என்று கேளுங்கள். பிடிக்கவில்லை என்று சொன்னால் எந்த வரியில் பிடிக்காமல் போனது என்று கேளுங்கள். நீங்கள் பள்ளியை எட்டாம் வகுப்போடு விட்டவராக இருந்தாலும் இதைச் செய்ய முடியும். ‘எனக்கும் தெரியல, சேர்ந்து பாப்போம்’ என்று பெற்றோர் சொன்ன வீடுகளில் பிள்ளைகள் அதிகம் பேசியதை நான் பார்த்திருக்கிறேன். விளக்கவுரை நூலைத் திறக்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பேசி முடித்த பிறகு திறந்து, உரைகாரர் என்ன பார்த்தார் என்று ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அந்தத் தாய் சில வாரங்கள் கழித்து மகளையே என் வீட்டுக்கு அழைத்துவந்தார். சேக்கிழார் கதையில் அவளுக்குப் பிடித்த ஓர் இடத்தைப் பற்றி எழுதிவரச் சொல்லியிருந்தேன். கறியைப் பற்றியோ மகளின் பெயரைப் பற்றியோ அவள் எழுதவில்லை. மூன்றாவது பழம் பரமதத்தன் கையில் மறைந்துபோகிற இடத்தை எடுத்திருந்தாள். முதல் பழத்தைச் சுவைக்கவிட்ட ஆசிரியர், அதைவிட உயர்ந்த பழத்தையும் சுவைக்கவிட்ட ஆசிரியர், அவன் சோதித்துப் பார்க்கக் கேட்டபோது வந்த பழத்தை மட்டும் தொட்டதும் மறையவைக்கிறார் என்று எழுதியிருந்தாள். சுவைக்காகக் கேட்டபோது கிடைத்தது, சந்தேகத்தில் கேட்டபோது கையில் நிற்கவில்லை என்பது அவள் வாக்கியம். பழம் மூன்று முறை வருவதை நான் இத்தனை ஆண்டு நடத்தியும் இப்படி அடுக்கிப் பார்த்ததில்லை.

பக்கத்தின் அடியில் பென்சிலால் சின்னதாக ஒரு கேள்வி எழுதியிருந்தாள்: ‘இதற்கு ஏதாவது பெயர் இருக்கிறதா டீச்சர்?’